ஊதாச் சுவரும் புது வெள்ளையும்: எந்த வீட்டை வாங்குவது?

வாசகி ஒருவரின் கேள்வி: நானும் என் கணவரும் சென்னையில் மறுவிற்பனைக்கு வந்த இரண்டு ஃபிளாட்டுகளைப் பார்த்து வைத்திருக்கிறோம். இரண்டும் 950 சதுர அடி, இரண்டு படுக்கையறை. முதலாவது நங்கநல்லூரில், 2009-இல் கட்டிய கட்டடத்தின் இரண்டாம் தளத்தில் இருக்கிறது. விலை 72 லட்சம், கட்டடம் நிற்கும் நிலத்தில் வீட்டோடு சேர்ந்து வரும் பிரிபடாத பங்கு 520 சதுர அடி. ஆனால் ஹாலில் ஊதா நிற டெக்ஸ்சர் பெயிண்ட், படுக்கையறையில் கருஞ்சிவப்பு, கூரையில் தங்க நிறத்தில் பூ வேலைப்பாடு, சமையலறை முழுக்க ரத்தச் சிவப்பு. என் மாமியார் உள்ளே நுழைந்ததுமே மூச்சு முட்டுகிறது என்று வெளியே வந்துவிட்டார். இரண்டாவது வேளச்சேரியில், 2011-இல் கட்டியது, தரைத்தளம். விலை 80 லட்சம், நிலப்பங்கு 390 சதுர அடி. எல்லாம் புது வெள்ளை பெயிண்ட், ஃபால்ஸ் சீலிங், மறைவிளக்குகள், புது மாடுலர் கிச்சன், ஹாலில் மூன்றடி உயரத்துக்கு ஹோட்டலில் இருப்பதுபோல் மரநிறப் பலகை. எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது. கணவர் எட்டு லட்சம் அதிகமாயிற்றே என்று தயங்குகிறார். எதை வாங்கலாம்?

அன்புடையீர், வணக்கம்.

எதை வாங்கலாம் என்று வீட்டைப் பாராமல் சொல்வது கட்டுமானப் பொறியாளர் எவருக்கும் அழகில்லை. எனினும் உங்கள் கடிதம் மிகத் தெளிவாக இருப்பதால், அதிலிருந்தே சில செய்திகளை உறுதியாகச் சொல்ல முடிகிறது. முதல் வீட்டில் உங்களுக்குப் பிடிக்காதவை என்று நீங்கள் எழுதியவை அனைத்தும் ஓரிரு வாரத்தில், ஒரு லட்சம் ரூபாய்க்குச் சற்று முன்பின்னாக மாற்றிவிடக்கூடியவை. இரண்டாவது வீட்டில் பிடித்தவை என்று எழுதியவற்றுள் ஒன்றிரண்டு, விலை பேசுவதற்கு முன்பாகவே விளக்கம் கேட்க வேண்டியவை. குறிப்பாக அந்த மூன்றடிப் பலகை.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். 950 சதுர அடி ஃபிளாட்டில் சுவர்களுக்கு உட்பட்ட தரைப்பரப்பு ஏறத்தாழ 720 சதுர அடி இருக்கலாம். சுவரும் கூரையும் சேர்ந்த பெயிண்டிங் பரப்பு இதைப்போல் மூன்று முதல் மூன்றரை மடங்கு என்பது பெயிண்டிங் காண்டிராக்டர்கள் மனக்கணக்காகவே போடும் அளவு. அதன்படி 2,200 முதல் 2,500 சதுர அடி வரை வரும். பிரைமர், தேவையான இடங்களில் பட்டி (சுவரை மட்டப்படுத்தும் பூச்சு), இரண்டு கோட் எமல்ஷன் என்று சதுர அடிக்கு 25 முதல் 30 ரூபாய் என வைத்துக்கொண்டால் 55,000 முதல் 75,000 ரூபாய்க்குள் முடியும். ஊதாச் சுவர் டெக்ஸ்சர் என்பதால் அதைத் தேய்த்து, பட்டி போட்டு மட்டப்படுத்தும் கூலி தனி. அடர்ந்த நிறத்தின் மீது நேராக வெளிர் எமல்ஷனை அடித்தால் மூன்று கோட் போட்டாலும் அடிநிறம் நிழலாகத் தெரியும். வெள்ளை பிரைமரை முதலில் நன்றாக அடிப்பதே சிக்கனம். தங்க நிறப் பூ வேலையை உடைக்கத் தேவையில்லை. அதன் மீது வெள்ளை அடித்துவிட்டால் பாதி உறுத்தல் போய்விடும். பிறகும் பிடிக்கவில்லையென்றால் அப்போது எடுத்துக்கொள்ளலாம்.

சிவப்புச் சமையலறையிலும் மாற்ற வேண்டியது கதவுகளை மட்டுமே. உள்கூடு நல்ல பிளைவுட்டாக இருந்தால் ஷட்டர்களைக் கழற்றி வேறு லேமினேட் ஒட்டிய புதிய ஷட்டர்களைப் பொருத்திவிடலாம். உள்கூடு எப்படியென்று அறிய, சிங்க்கிற்குக் கீழேயுள்ள அலமாரியைத் திறந்து அடிப்பலகையின் ஓரத்தை விரலால் அழுத்திப் பாருங்கள். பார்ட்டிக்கிள் போர்டு என்றால் பிஸ்கட் போல உப்பியிருக்கும். நீர் தாங்கும் தரத்து பிளைவுட் என்றால் 15 ஆண்டு கழித்தும் விளிம்பு கூர்மையாக நிற்கும்.

இப்போது அந்த எட்டு லட்சத்தைப் பாருங்கள். தமிழ்நாட்டில் இன்று முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். ஆக, எட்டு லட்சம் கூடுதலாகக் கொடுக்கும் விலைக்குப் பத்திரச் செலவு மட்டும் 72,000 ரூபாய் கூடுகிறது. நங்கநல்லூர் வீடு முழுவதற்கும் பெயிண்ட் அடிக்கும் பணம் அதிலேயே வந்துவிடுகிறது. அந்த எட்டு லட்சத்தைக் கடனாகவே பெற முடிந்தாலும், 8.5 சதவீத வட்டியில் 20 ஆண்டுக்கு மாதத் தவணை ஏறத்தாழ 6,900 ரூபாய். மொத்தத்தில் பதினாறரை லட்சத்துக்கு மேல் திருப்பிக் கட்டுவீர்கள். அத்தனையும் கடனாகக் கிடைப்பதும் கடினம். வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர் நிலப்பங்கையும் கட்டடத்தின் வயதையும் அக்கம்பக்கத்து விலையையும்தான் பெரும்பாலும் கணக்கில் கொள்வார். மறைவிளக்குக்கும் பலகைக்கும் அவர் தாளில் பெரிய இடம் இருக்காது. கட்டடம் ஆண்டுக்காண்டு தேயும். நிலத்தின் விலைதான் உங்கள் முதலீட்டைக் காக்கும். அந்த வகையில் 520 சதுர அடிக்கும் 390 சதுர அடிக்கும் உள்ள வேறுபாட்டை எந்த உள்ளலங்காரமும் ஈடுகட்டாது. இரண்டு ஊர்களிலும் நிலவிலை ஒன்றல்ல என்பதால், அந்தந்தத் தெருவின் நிலவரத்தை விசாரித்துப் பெருக்கிப் பாருங்கள்.

இனி அந்தப் பலகைக்கு வருகிறேன். 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொண்டுவந்த மழையிலும் வேளச்சேரியின் தாழ்வான தெருக்கள் பலவற்றில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததைச் சென்னையில் இருப்பவர்கள் அறிவார்கள். தரைத்தள வீடு, எல்லாமே புதிது, சுவரின் கீழ்ப்பகுதி மட்டும் மூன்றடிக்குப் பலகையால் மூடப்பட்டிருக்கிறது என்னும் மூன்றும் ஒன்றாகச் சேரும்போது என் தொழிலில் உள்ள எவருக்கும் ஒரு கேள்வி எழும். விற்பவர் எதையோ மறைக்கிறார் என்று நான் சொல்லவில்லை. அழகுக்காகவே செய்திருக்கலாம், அந்தத் தெருவே மேடான தெருவாகவும் இருக்கலாம். ஆனால் வெள்ளநீர் ஏறிய செங்கல் சுவர் பல மாதங்கள் ஈரத்தை வைத்திருக்கும். அந்த நீரில் கரைந்த உப்பு, சுவர் காயக் காய வெளியே வந்து பூத்து, பூச்சைப் பொரித்து உதிர்க்கும். அதைச் சரிசெய்யும் முறை, கெட்ட பூச்சைக் கொத்தி எடுத்து, சுவரை உலரவிட்டுப் புதிதாகப் பூசுவது. அதற்குப் பொறுமை இல்லாதவர்கள் செய்வது, மேலே பி.வி.சி. பலகை அடிப்பது.

இதை விற்பவரிடம் நேரே கேளுங்கள். கேட்டுவிட்டு வெளியிலும் பாருங்கள். காம்பவுண்டு சுவரின் வெளிப்புறத்தை யாரும் அலங்கரிப்பதில்லை. நீர் நின்ற கோடு அங்கே தெரியக்கூடும். மின்மீட்டர் பெட்டி பழைய இடத்திலிருந்து உயர்த்தப்பட்டிருக்கிறதா, சம்ப் மோட்டார் புதிதாகக் கட்டிய மேடை மீது இருக்கிறதா, வீட்டுக்குள் பிளக் பாயிண்டுகள் எல்லாம் வழக்கத்துக்கு மாறாக நான்கடி உயரத்தில் இருக்கின்றனவா என்று கவனியுங்கள். எதிர்வீட்டுத் தரைத்தளக்காரரிடமும், தெருமுனைப் பெட்டிக்கடைக்காரரிடமும், 2023-இல் இந்தத் தெருவில் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேட்டால் முழங்காலையோ இடுப்பையோ தொட்டுக் காட்டுவார்கள். அதைவிட நம்பகமான ஆவணம் எனக்குத் தெரியாது. பலகையின் ஒரு துண்டைக் கழற்றிப் பார்க்க அனுமதி கேளுங்கள். பி.வி.சி. பலகைகள் பெரும்பாலும் கிளிப்பிலும் திருகிலும் நிற்பவை. சேதமில்லாமல் எடுத்து மாட்டலாம். மனமுவந்து கழற்றிக் காட்டுபவர் பாதிச் சந்தேகத்தை அப்போதே தீர்த்துவிடுகிறார்.

ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே என்ன இருக்கிறது என்பதும் அதே அளவு முக்கியம். மேல்தளத்துக் குளியலறையின் தரை, நம் ஊர்க் கட்டடங்களில் பெரும்பாலும் ஓர் அடி வரை தாழ்த்தி வார்த்த தளமாக இருக்கும். குழாய்களை உள்ளே பதித்து, செங்கல் ஜல்லியால் நிரப்பி, மேலே டைல்ஸ் பதிப்பார்கள். ஒரு குழாய் மூட்டு விட்டுப்போனாலும் நீர் அந்த நிரப்புக்குள் தேங்கி, மெல்ல மெல்லக் கீழ்வீட்டுக் கூரையில் இறங்கும். அந்த ஈரத்தால் கான்கிரீட்டுக்குள் உள்ள கம்பி துருப்பிடித்தால் துருவானது இரும்பைப்போல் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்வதால் கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். கம்பி போகும் வழியே நேர்கோட்டில் வெடிப்பும், பழுப்புக் கறையும், பிறகு காரை பெயர்தலும் அதன் படிநிலைகள். இவற்றையெல்லாம் ஒரு ஜிப்சம் போர்டு மறைத்துவிடும். பார்ப்பதற்கு எளிய வழி ஒன்று உண்டு. மறைவிளக்குகள் பெரும்பாலும் இரண்டு ஸ்பிரிங் கிளிப்புகளில் நிற்பவை. விற்பவரின் அனுமதியோடு மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, எலக்ட்ரீஷியனை வைத்து, மேல்வீட்டுக் குளியலறைக்கு நேர்க்கீழே உள்ள ஒரு விளக்கை மட்டும் கீழே இழுக்கச் செய்து, அந்தத் துளை வழியே செல்பேசியின் ஃபிளாஷைப் போட்டுப் படம் எடுங்கள். ஐந்து நிமிட வேலை.

ஊதா வீட்டில் இந்தக் கவலை குறைவு. பெயிண்ட் எவ்வளவு கண்ணை உறுத்தினாலும் பல ஆண்டுகளுக்கு முன் அடித்த பெயிண்டாக இருந்தால் பல மழைக்காலங்களின் பதிவு அதில் இருக்கும். கசிவு இருந்திருந்தால் எங்காவது உப்பியோ, நிறம் மாறியோ, பொரிந்தோ காட்டிக்கொடுத்திருக்கும். புதுப் பெயிண்டுக்கு அந்த நினைவு இல்லை. அதிலும் நீர் புகாத வகை எமல்ஷன் ஒரு தோல் போல ஈரத்தை உள்ளே அடக்கி வைத்து, முதல் மழைக்காலம் முடிந்த பிறகுதான் கொப்புளம் விடும். வாய்ப்பிருந்தால் வடகிழக்குப் பருவமழை பெய்துகொண்டிருக்கும் நவம்பரில் இரண்டு வீடுகளையும் மறுபடி பாருங்கள். இல்லையென்றால், குளியலறையை ஒட்டிய சுவரில் சாய்ந்து நிற்கும் வார்ட்ரோபின் கீழ்த்தட்டைக் காலிசெய்து காட்டச் சொல்லி, பின்பலகையைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். குளிர்ச்சியும் பூஞ்சை வாடையும் ஈரத்தின் அடையாளம். ஊதுவத்தியும் ரூம் ஃபிரெஷ்னரும் மணக்கும் வீட்டில் ஜன்னல்களைத் திறந்துவைத்து, பத்து நிமிடம் கழித்து மறுபடி முகர்ந்து பார்ப்பது நல்லது.

உங்கள் மாமியாருக்கு மூச்சு முட்டியதை நான் ஒதுக்கிவிட மாட்டேன். அதற்கு நிறம் மட்டும் காரணமா, காற்றோட்டமும் காரணமா என்று பிரித்தறிவதுதான் வேண்டியது. அடர்ந்த நிறம் வெளிச்சத்தை விழுங்கும். அதைப் பெயிண்டர் தீர்ப்பார். ஜன்னலுக்கு நாலடியில் பக்கத்துக் கட்டடத்தின் சுவர் நின்றால் அதை யாரும் தீர்க்க முடியாது. ஆகவே பிற்பகல் மூன்று மணிக்குச் சென்று, எல்லா விளக்கையும் அணைத்து, திரைச்சீலைகளை விலக்கிவிட்டு நில்லுங்கள். எந்த ஜன்னலின் முன்னாவது அலமாரி நிறுத்தி அடைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். நம் வீடுகளில் இது மிகச் சாதாரணம். இதே சோதனையை வேளச்சேரி வீட்டிலும் செய்யுங்கள், ஏனெனில் பகலிலும் எரியும் மறைவிளக்குகள் அங்கே இயற்கை வெளிச்சம் எவ்வளவு என்பதை உங்களுக்குச் சொல்லவே இல்லை. கையில் டேப் எடுத்துச் செல்லுங்கள். கைப்பிடியில்லாத சிறிய சோபாவும், சுவர் நிறையக் கண்ணாடியும் ஹாலைப் பெரிதாகக் காட்டும். பத்தடி அகல அறையில் இரண்டடி ஆழ வார்ட்ரோபும் ஆறரை அடிக் கட்டிலும் எதிரெதிரே வந்தால் நடக்க ஒன்றரை அடிதான் மிஞ்சும் என்பதை டேப்தான் சொல்லும்.

அலங்காரம் என்ற பெயரில் நடந்திருந்தாலும் அலங்காரமாகக் கருதக்கூடாதவை சில உண்டு. அவற்றை மட்டும் நங்கநல்லூர் வீட்டில் ஒன்றுவிடாமல் பார்த்தாக வேண்டும், ஏனெனில் வீட்டை இவ்வளவு ஆர்வமாக மாற்றியமைத்தவர் சுத்தியலையும் எடுத்திருக்கக்கூடும். பால்கனியை அடைத்து அறையோடு சேர்த்திருக்கிறார்களா? ஹாலுக்கும் அறைக்கும் நடுவே இருந்த சுவரை எடுத்திருக்கிறார்களா? 2009-இல் கட்டிய கட்டடம் பெரும்பாலும் தூணும் பீமும் தாங்கும் ஆர்.சி.சி. சட்டகமாகத்தான் இருக்கும், அதில் நாலரை அங்குலத் தடுப்புச் சுவரை எடுத்தால் கட்டடத்துக்கு ஆபத்து வராது. சுவரே பாரம் தாங்கும் பழைய வகைக் கட்டடமாக இருந்தால் கதை வேறு. எப்படியிருந்தாலும் அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தின் நகலை வாங்கி, வீட்டுக்குள் நின்று சுவர் சுவராக ஒப்பிட்டுப் பாருங்கள். சமையலறைச் சிம்னியின் புகைக்குழாயும் ஏ.சி. குழாயும் எங்கே சுவரைத் துளைக்கின்றன என்றும் கவனியுங்கள். செங்கல் சுவரில் துளை இருந்தால் கவலையில்லை. இடம் கிடைக்காமல் பீமையே ஆறங்குலம் குடைந்து குழாயை விட்ட வீடுகள் இருக்கின்றன. அங்கே கம்பி அறுந்திருக்கலாம், அதைப் பெயிண்ட் மாற்றாது.

தரையையும் அப்படியே பாருங்கள். பழைய தரையை எடுக்காமல் அதன் மீதே புது டைல்ஸ் ஒட்டியிருந்தால் கதவுகளின் அடி அறுக்கப்பட்டிருக்கும். வாசற்படியில் உயரம் குறைந்திருக்கும். ஹாலில் இது பெரிய பிழையன்று. குளியலறையில் செய்திருந்தால், அறையைவிடத் தாழ்ந்திருக்க வேண்டிய குளியலறைத் தரை அறைக்குச் சமமாக உயர்ந்து, குளிக்கும் தண்ணீர் படுக்கையறைக்கு வரும். ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள். ஒரு ரூபாய் நாணயத்தால் டைல்ஸைத் தட்டினால் அடியில் பொள்ளலாக இருக்கும் இடத்தில் ஓசை மாறும். மின்சாரத்துக்கு எலக்ட்ரீஷியன் ஒருவரை அரை மணி நேரம் அழைத்துச் செல்லுங்கள், மூன்று ஏ.சி. மாட்டிய வீட்டில் இணைப்பு ஒருமுனையா மும்முனையா, ஏ.சி.க்கு 4 சதுர மில்லிமீட்டர் வயர் போட்டிருக்கிறார்களா, கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச் இருக்கிறதா என்று அவர் பார்த்துச் சொல்வார்.

இரண்டு கட்டடங்களிலும் வீட்டுக்குள் செலவிடும் நேரத்தில் பாதியையாவது வெளியே செலவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். கார் நிறுத்துமிடத்தின் கூரை, படிக்கட்டின் அடிப்பாகம், மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியின் அடித்தளம் ஆகிய மூன்றும் கட்டடத்தின் உண்மை வயதைச் சொல்லும், ஏனெனில் விற்பதற்காக அங்கே யாரும் பணம் போடுவதில்லை. தூணும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் மயிரிழை வெடிப்பு இருந்தால் அஞ்ச வேண்டாம்; இரண்டு வேறு பொருள்கள் வெயிலில் வேறு வேறு அளவு விரிவதால் வருவது அது. பீமிலோ தூணிலோ வெடிப்பு இருந்தாலும், ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடி விரல்நகம் நுழையும் அளவுக்கு அகன்றிருந்தாலும் பொறியாளர் ஒருவர் நேரில் பார்க்காமல் முன்பணம் தராதீர்கள்.

இந்தச் சோதனைகளில் நங்கநல்லூர் வீடு தேறிவிட்டால் என் சாய்வு அதன் பக்கம்தான். உங்களுக்கு முன்னால் வந்த பலரும் அந்த ஊதாச் சுவரைப் பார்த்துத்தான் திரும்பிப் போயிருப்பார்கள். அது உங்களுக்குப் பேரம் பேச இடம் கொடுக்கிறது. ஆனால் பேரம் பேசும்போது நிறத்தைப் பழிக்காதீர்கள். அந்த வீட்டுக்காரர் ஆசையாகத் தேர்ந்தெடுத்து, செலவு செய்து அடித்த நிறம் அது; பழித்தால் மனம் கசந்து விலையில் இறங்க மறுப்பார். பெயிண்டிங், ஷட்டர் மாற்றம், மின்வேலை என்று எழுத்தில் வாங்கிய மதிப்பீட்டை வைத்துப் பேசுங்கள். வேளச்சேரி வீடு பலகைக்குப் பின்னும் சீலிங்குக்கு மேலும் சுத்தமாக இருந்து, அந்தத் தெருவுக்குத் தண்ணீர் வராததும் உறுதியானால் அதையும் தள்ள வேண்டியதில்லை. அப்போது 80 லட்சத்தில் அலங்காரத்துக்கென எவ்வளவு கேட்கிறார் என்று பிரித்துக் கேட்டு, அவர் போட்ட செலவை விட்டுவிட்டு, பழைய பொருளாக இன்று அது என்ன பெறுமோ அதை மட்டும் பேசுங்கள்.

எந்த வீடானாலும், விற்பனை உடன்படிக்கையில் வீட்டோடு வரும் பொருள்களை ஒவ்வொன்றாக எழுதச் சொல்லுங்கள்: மின்விசிறிகள், ஏ.சி., கீசர், சிம்னி, மறைவிளக்குகள், திரைச்சீலைக் கம்பிகள், அலமாரிகள், தண்ணீர் சுத்திகரிக்கும் கருவி வரை. பார்க்கும்போது இருந்த தொங்குவிளக்கு சாவி வாங்கும் நாளில் இல்லாமல் வெறும் கொக்கி மட்டும் தொங்குவதும், ஏ.சி. கழன்ற இடத்தில் சுவரில் துளை இருப்பதும் அடிக்கடி நடக்கிற தகராறுகள். பத்திரப்பதிவுக்கு முந்தைய நாள் வீட்டைக் காலி செய்த நிலையில் ஒருமுறை பார்ப்பதற்கான உரிமையையும் அதே உடன்படிக்கையில் சேர்த்துக்கொள்ளுங்கள். மேற்சொன்ன படங்களை எடுத்தபின் ஐயம் இருந்தால், அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தின் நகலோடு சேர்த்து அனுப்புங்கள், பார்த்து எழுதுகிறேன்.